நான்காவது அளவு

“தில்லி என்ன தூரமா? மூன்று மணி நேரத்தில் வந்துவிடலாமே!” விடுமுறைக்கு ஊர் செல்லும்போதெல்லாம் உறவினர் எவரேனும் இப்படிச் சொல்லக் கேட்கிறேன். அவர்கள் சொல்வது பொய்யன்று. ஆனால் முழு உண்மையும் அன்று.

தில்லிக்கும் சென்னைக்கும் இடையே வான்வழித் தொலைவு ஏறத்தாழ 1,760 கிலோமீட்டர். மணிக்கு 800 கிலோமீட்டருக்கு மேல் பறக்கும் ஜெட் விமானத்திற்கு, வகுத்துப் பார்த்தால், இரண்டேகால் மணிகூட வேண்டாம். கால அட்டவணையோ இரண்டே முக்கால் மணி என்கிறது. ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்லவும், உயரே ஏறவும், வேகம் குறைத்து இறங்கவும் ஆகும் நேரம் அது.

இரயிலில் வந்தாலோ தொலைவு ஏறத்தாழ 2,180 கிலோமீட்டர். தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் அதைக் கடக்கச் சுமார் 33 மணி எடுத்துக்கொள்கிறது. தொலைவு கால் பங்குதான் கூடுகிறது. காலமோ பன்னிரண்டு மடங்காகிறது!

தொலைவு, வேகம், காலம் என்று மூன்று அளவுகளைப் பள்ளியிலே படித்தோம். நான்காவது அளவு ஒன்று உண்டு என்பதைச் சென்ற ஆண்டுதான் அறிந்தேன். அதன் பெயர் பணம்.

ஒரு நாள் காலை, பாட்டி இறந்துவிட்டாள் என்று செய்தி வந்தது. அன்றைய விமானக் கட்டணத்தைப் பார்த்தேன். என் இரண்டு மாதச் சாப்பாட்டுச் செலவை விஞ்சி நின்றது அது. முன்கூட்டியே திட்டமிடுபவனுக்கு ஒரு விலை. அவசரக்காரனுக்கு வேறு விலை. சாவு முன்பதிவு செய்துகொண்டா வருகிறது? இரவு வண்டியில், முன்பதிவில்லாப் பெட்டியில் ஏறினேன். சென்னையில் இறங்கி, மேலும் ஒரு பகல் பேருந்தில் கழித்து, மூன்றாம் நாள் மாலை வீடு சேர்ந்தேன். பால் தெளிப்பும் முடிந்திருந்தது. பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

விமானம் செல்வர்க்கு உரியது, மாணவர்க்கு இரயிலே போதும் என்பார் உளர். விடுமுறைக்குப் போதும்; அதில் எனக்குக் குறையில்லை. பொட்டலச் சோறும் புதிய நட்பும் இரயிலில்தானே கிடைக்கின்றன! ஆனால் தாய் மருத்துவமனையில் கிடக்கும்போது 33 மணி நேரம் என்பது பயணமன்று, தண்டனை.

ஆகவே நம் சங்கத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். உறுப்பினர் நூறு பேர் மாதந்தோறும் 50 ரூபாய் தந்தால் ஆண்டுக்கு 60,000 ரூபாய் சேரும். துயரச் செய்தி வந்தவர்க்கு அன்றே அதிலிருந்து கடன் கொடுப்போம். அவர் மெல்ல மெல்லத் திருப்பித் தரட்டும். அது அடுத்தவர்க்கு உதவட்டும். பொங்கல் விழாவும் பட்டிமன்றமும் நடத்தும் நமக்கு இது இயலாத செயலா?

விஞ்ஞானம் ஊரை மூன்று மணிக்கு அருகே கொண்டுவந்து வைத்துவிட்டது. எஞ்சிய தூரத்தைக் குறைக்க வேண்டியவர்கள் நாம்தாம், நண்பர்களே!