துணைவேந்தரின் வாயிலில் நிற்பவர் யார்?

பல்கலைக்கழகத் தலைமை பற்றி எழுதும் நம்மவர் அனைவரும் துணைவேந்தரைப் பற்றியே எழுதுகின்றனர். அவருடைய மேசைக்குச் செல்லும் தாள்களுள் எது மேலே, எது அடியிலே என்பதைத் தீர்மானிப்பவர் யார் என்று வினவுவாரைக் காணோம். அவ்வினாவையே இங்கு எழுப்புகின்றேன்.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் இப்பணிக்கெனச் 'சீஃப் ஒஃப் ஸ்டாஃப்' என்றொரு பதவி உண்டு. பெயர் படைத்துறையிலிருந்து வந்தது. 1948இல் கொலம்பியாப் பல்கலைக்கழகத் தலைவராகிப் பின் 1953இல் நாட்டின் ஜனாதிபதியான தளபதி ஐசனோவர், வெள்ளை மாளிகையிலே ஷெர்மன் அடம்ஸ் என்பாரை அத்தகைய இடத்தில் அமர்த்தினார். வணிகரொருவரிடம் பரிசில் பெற்ற விவகாரத்தால் 1958இல் அடம்ஸ் பதவி துறக்க நேர்ந்தது. வாயிற்காவலுக்கு விலையுண்டு என்பதை வணிகர் நம்மினும் நன்கறிவர் போலும்!

அத்தகைய பதவியொன்று நமக்கும் வேண்டுமெனச் சிலர் கூறுவர். வேண்டாம் என்பேன். 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டம் அவ்விடத்தை ஏற்கெனவே நிரப்பியுள்ளது. பேரவைக்கும் மூதவைக்கும் செயலாளர் பதிவாளரே. ஆவணங்களைக் காப்பவரும், துணைவேந்தரின் பணிப்புக்கமையப் பொது நிருவாகத்தை நடத்துபவரும் அவரே. அவரோ விதிகளிற் கட்டுண்டவர், மெதுவானவர், விரைந்து இயங்க அந்தரங்கமான ஒருவர் தேவை என்பது எதிர்வாதம். விரைவு எவருக்கு என்பதன்றோ கேள்வி? துணைவேந்தரின் பதவிக்காலம் மூன்றாண்டு. அவர் செல்லும்போது அந்தரங்கமானவரும் சென்றுவிடுவார்; அவர் வாய்மொழியாகத் தடுத்தவற்றுக்கு எத்தாளிலும் சுவடிராது. பதிவாளர் தடுத்தால், தடுத்தவர் இன்னாரென்றாவது தெரியும்.

எங்கள் உச்சமுனைக்குக் கற்பிட்டியிலிருந்து படகிலேயே போய்வருகின்றோம். எம்மூர் நண்பரொருவர் தாம் பயின்ற உயர்கல்வி நிறுவனமொன்றில் விடுதி வேண்டி விண்ணப்பித்தார். வீட்டுத் தூரத்தைக் கணித்தோர் கற்பிட்டியோடு நிறுத்திவிட்டனர். கடல் கணக்கில் வரவில்லை. தலைவருக்கு முறையீடு எழுதினார். "ஐயாவுக்கு இப்போது நேரமில்லை" என்ற பதிலையே, எப்பதவியும் இல்லாத ஒருவர், மும்முறை வாசலில் நின்று கூறினார். தலைவர் அதனைக் கண்டிருந்தால் மறுத்திருப்பாரோ, அறியேன். அவர் காணவேயில்லை என்பதே என் குற்றச்சாட்டு.

எம் கரையிற் கரைவலை இழுப்போரிடையே சம்மாட்டி வலைக்கு உடையவர். நீரோட்டம் பார்த்து வலையை எப்போது இடுவதெனச் சொல்பவர் வேறொருவராயிருத்தல் கூடும். ஆயின் அவர் கரையிலே, இழுப்போர் அனைவரும் காண நிற்பார். பாடு பிழைத்தால் அவர் முகத்தைப் பார்த்தே கேட்பர். நம் அலுவலகங்களில் அம்முகம் எங்கே?

ஆகவே துணைவேந்தருக்கு வரும் ஒவ்வொரு முறையீடும் பதிவாளரின் பேரேட்டில் இலக்கமிடப்படல் வேண்டும். பதினான்கு நாளுக்குள் ஒப்பமிட்ட விடை வருதல் வேண்டும், மறுப்பாயினும் சரியே. பேரேட்டை மாணவர் ஒன்றியம் திறந்து பார்க்கும் உரிமையும் வேண்டும். இதற்குப் புதிய சட்டமோ புதிய சம்பளமோ தேவையில்லை. வரும் மூதவைக் கூட்டத்திலேயே ஒரு பிரேரணையாக இதனைக் கொண்டுவர நம் விரிவுரையாளர்களால் இயலும்.