கத்தியைக் கீழே போடுங்கப்பா!

மீன் தொட்டி வளர்க்கும் மகாஜனங்களே, இன்னிக்கு உங்களோட ஒரு சண்டை.

பவளத் தொட்டியில ஐப்டேசியா வந்துடுச்சுன்னு வாயைத் திறந்தா போதும், "கத்தியால சுரண்டி எறி, சிம்பிள்"னு ஒரு வாத்தியார் கிளம்பிடறார். நானும் நம்பிச் சுரண்டினேன். இருந்தது ஒண்ணு. ஒரே மாசத்துல பத்து! அந்தக் கடல் சாமந்தியோட பாதத்துல ஒரு துணுக்கு பாறையில ஒட்டியிருந்தாலும் அதுலேர்ந்து இன்னொண்ணு முளைச்சிடும். நீங்க செய்யறது களையெடுப்பு இல்ல சாமி, நாத்து நடவு. பக்கத்துல ரெண்டு வருஷமா வளர்த்த என் ஸோவாந்தஸ் கொட்டு வாங்கிச் சுருங்கினது, விரியவே இல்ல.

அடுத்த கோஷ்டி, "மருந்தை ஊத்து". செம்பு கலந்த மருந்து தொட்டிக்குள்ள போனா இறால், நத்தை, பவளம் எல்லாத்துக்கும் சங்குதான்.

பம்பை நிறுத்திட்டு, கால்சியம் ஹைட்ராக்ஸைடைக் கெட்டியா குழைச்சு, சிரிஞ்சால அது வாயை மூடுங்க. ஒரு நாளைக்கு ரெண்டு மூணு போதும், பி.ஹெச். எகிறிடும். சின்னதுகளைப் பெப்பர்மின்ட் இறால் பார்த்துக்கும்.

ஆனா முதல் குற்றவாளி நான்தான். ஆபீஸ்ல ஒரு வரி கோடு மாத்தினாக்கூட டெஸ்ட் சர்வர்ல ஓட்டாம ப்ரொடக்‌ஷனுக்கு விடமாட்டேன். "சுத்தமான சரக்கு"ன்னு கடைக்காரர் சொன்னதும், புதுப் பவளத்தைப் பாறையோட அன்னிக்கு ராத்திரியே தொட்டியில இறக்கிட்டேன்.

புதுசா எது வாங்கினாலும் ஒரு மாசம் தனித்தொட்டியில வைங்க. அதுக்குப் பொறுமை இல்லையா? தங்கமீன் வளர்க்கலாமே!