வெறுங்கையோடு வரும் விருந்தினர்



குழந்தையின் திருமுழுக்குக்கு நாள் குறித்தாயிற்று. பங்குக் குருவிடம் பெயரும் கொடுத்தாயிற்று. அழைக்க வேண்டியவர்களின் பட்டியலை எழுதும்போது மட்டும் ஒரு பெயரில் எழுதுகோல் தயங்கி நிற்கிறது. கடவுள் இல்லை என்று சொல்லும் நண்பர் ஒருவர். அல்லது ஆலயத்தை விட்டு விலகி ஆண்டுகள் பலவான தாய்மாமன். அழைத்தால் சங்கடப்படுவாரோ என்று நாம் எண்ணுகிறோம். அவரோ, “என்ன வாங்கிச் செல்வது? நம்பாத நான் சிலுவையும் செபமாலையும் கொடுத்தால் நடிப்பாகாதா? வேறொன்றைக் கொடுத்தால் அவமதிப்பாகாதா?” என்று எண்ணுகிறார். இருவரும் இவ்வாறு தயங்கி ஒதுங்கினால், குழந்தைக்கு உரிய உறவு ஒன்று தொடக்கத்திலேயே கைநழுவிப் போகிறது. எனவே இம்மாதம் இதைப் பற்றிச் சிந்திப்போம்.

நம் கோவளத்தில் விருந்தோம்பல் புதிதன்று. வணிகர் ஜான் டிமாண்டி 1808-ஆம் ஆண்டில் எழுப்பிய கார்மேல் அன்னை ஆலயமும், தமீம் அன்சாரி தர்காவும் ஒரே ஊரில் நிற்கின்றன. பிற சமயத்து அண்டை வீட்டாரை எப்படி அழைப்பது, எப்படி உபசரிப்பது என்பதை நாம் தலைமுறைகளாக அறிவோம். எச்சமயமும் சாராதவரை எதிர்கொள்ளும்போதுதான் நமக்குக் கை நடுங்குகிறது. இன்று நம் பிள்ளைகள் கேளம்பாக்கத்திலும் சிறுசேரியிலும் வேலைக்குச் செல்கிறார்கள். அங்கே அவர்களுக்குக் கிடைக்கும் நண்பர்களில் இத்தகையோரும் உண்டு. ஆகவே இக்கேள்வி இனி அடிக்கடி எழும்.

முதலில் பரிசைப் பார்ப்போம். திருமுழுக்குச் சடங்கிற்கென்றே உரிய பொருள்கள் சில உள்ளன. வெண்ணிற ஆடையைக் குடும்பத்தார் ஆயத்தம் செய்வர். மெழுகுதிரியைப் பாஸ்காத் திரியிலிருந்து பெற்றோரோ ஞானப்பெற்றோரோ ஏற்றுவர். செபமாலை, சுரூபம், சிலுவை போன்றவற்றை ஞானப்பெற்றோரும் பாட்டன் பாட்டியரும் அன்போடு அளிப்பர். இவற்றுள் எதையும் நம்பிக்கையற்ற விருந்தினரிடம் நாம் எதிர்பார்ப்பது முறையன்று. அவர் குழந்தைக்குப் பயன்படும் எதையும் கொடுக்கலாம்: மென்மையான பருத்திச் சட்டை, வெள்ளிக் கொலுசு, பால் புகட்டும் சங்கு, படம் போட்ட புத்தகம். பெண் குழந்தையாயின், அஞ்சலகத்தில் 2015 முதல் நடைபெறும் செல்வமகள் சேமிப்புத் திட்டத்தில் பெற்றோர் தொடங்கிய கணக்கிற்கு ஒரு தொகை கொடுக்கலாம். நம் கடற்கரை மணலில் நன்கு வளரும் தென்னங்கன்று ஒன்றைக் கொடுத்தாலும் அது சிறந்த பரிசே; குழந்தையோடு அதுவும் வளரும். இவற்றுள் எதிலும் பொய் இல்லை. நம்மைப் பெருமைப்படுத்த எண்ணி அவரே ஒரு சிலுவையை வாங்கி வந்தால், “நீங்களா இதை வாங்கினீர்கள்?” என்று வியந்து அவரை நாணச் செய்யாமல் மகிழ்ந்து பெற்றுக்கொள்வோம்.

குன்றக்குடி அடிகளார் திருநீறு அளித்தபோது பெரியார் மறுக்காமல் ஏற்றுக்கொண்டார் என்பது தமிழகத்தில் பரவலாகச் சொல்லப்படும் செய்தி. நண்பரின் மனம் நோகலாகாது என்று நம்பாதவர் ஒருவர் இவ்வளவு கண்ணியம் காட்டக்கூடுமானால், நம்புகிற நாம் அதற்குக் குறைவாக நடந்துகொள்ளலாமா?

இரண்டாவது, ஞானப்பெற்றோர் பொறுப்பு. தாய்மாமனுக்கு மரியாதை செய்வதாக நினைத்து, அவரையே ஞானத்தந்தையாக நிற்கச் சொல்வோர் உண்டு. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின்படி, ஞானப்பெற்றோர் பொதுவாகப் பதினாறு வயது நிறைந்த கத்தோலிக்கராகவும், உறுதிபூசுதலும் நற்கருணையும் பெற்றவராகவும், அவ்விசுவாசத்திற்கேற்ப வாழ்பவராகவும் இருத்தல் வேண்டும். இது ஒருவரைத் தாழ்த்துவதற்காக ஏற்பட்ட விதியன்று. சடங்கின்போது பெற்றோரும் ஞானப்பெற்றோரும் தீமையை விட்டொழிப்பதாகவும், இறைவனை விசுவசிப்பதாகவும் வாய்திறந்து சொல்ல வேண்டும். நம்பாதவரை அங்கே நிறுத்தினால், குழந்தையின் முன்னிலையில் அவரைப் பொய் சொல்ல வைக்கிறோம். ஞானத்தந்தை அல்லது ஞானத்தாய் ஒருவர் இருந்தாலே போதும் என்று அதே சட்டம் கூறுவதால், எண்ணிக்கைக்காக எவரையும் வற்புறுத்த வேண்டியதில்லை. இதைக் கடைசி நேரத்தில் ஆலய வாசலில் சொல்லாமல், முன்கூட்டியே வீட்டிற்குச் சென்று அன்போடு விளக்குவோம். தாய்மாமனின் சீர்த்தட்டும், குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளும் உரிமையும் வீட்டில் அவருக்கென்றே இருக்கின்றன. அவற்றைக் குறைவின்றிக் கொடுப்போம்.

ஆலயத்தில் அவர் முழந்தாளிட வேண்டும், சிலுவை அடையாளம் வரைய வேண்டும் என்று எவரும் கேட்கலாகாது. பிறர் எழும்போது எழுந்து, அமரும்போது அமர்ந்தால் போதும். திருப்பலியோடு திருமுழுக்கு நடைபெற்றால், நற்கருணை வேளையில் அவர் தம் இடத்திலேயே அமர்ந்திருக்கலாம். விவரம் அறிந்த உறவினர் ஒருவரை அவர் அருகில் அமர்த்தினால் அவருக்குத் தனிமை தோன்றாது.

மூன்றாவதாகச் சொல்ல வேண்டியது நம்மைப் பற்றியது. விருந்தினர் வாசலில் நுழையும்போதே மொய் ஏட்டை விரித்து, 101 என்றும் 501 என்றும் எழுதி, மறுநாள் அதை வைத்து உறவை அளக்கும் வழக்கம் நம்மிடையே இல்லை என்று சொல்ல முடியுமா? பொருள் குறைந்த நண்பர்கள் வராமல் போவதற்குப் பல வேளைகளில் சமயம் காரணமன்று. இந்த ஏடுதான் காரணம். திருமுழுக்கு நாளில் குழந்தை இறைவனிடம் எதைக் கொண்டு வருகிறது? அது செபம் சொல்லவில்லை, நற்செயல் புரியவில்லை; வெறுங்கையோடு வருகிறது; அருளை இலவசமாகப் பெறுகிறது. வறுமையின் காரணமாக எவருக்கும் அருட்சாதனங்கள் மறுக்கப்படலாகாது என்றும் திருச்சபைச் சட்டம் கூறுகிறது. ஆண்டவர் கணக்குப் பாராமல் கொடுக்கும் நாளில், அவர் பெயரால் விருந்து வைக்கும் நாம் கணக்கு எழுதுவது எவ்விதத்தில் பொருந்தும்?

1965-ஆம் ஆண்டு டிசம்பரில் வெளிவந்த ‘இன்றைய உலகில் திருச்சபை’ என்னும் வத்திக்கான் சங்க ஏடு, இறைமறுப்பு தோன்றுவதற்கு விசுவாசிகளின் வாழ்க்கைக் குறைகளும் காரணமாகக்கூடும் என்று ஒளிவுமறைவின்றிக் கூறுகிறது. நம்புவோரும் நம்பாதோரும் கூடி உலகைச் செவ்வையாக அமைக்க உழைக்க வேண்டும் என்றும் அழைக்கிறது. நம் வீட்டு விருந்தில் நண்பர் காண்பது பணத்தாசையா, பரந்த மனமா? நம் விசுவாசத்தைப் பற்றி அவர் அறிந்துகொள்வது பெரும்பாலும் அதிலிருந்துதான்.

ஆகவே, பட்டியலில் தயங்கிய அந்தப் பெயரைத் துணிந்து எழுதுங்கள். நேரில் சென்று, “எதுவும் கொண்டு வர வேண்டாம், குழந்தையை வந்து பாருங்கள், எங்களோடு உண்ணுங்கள்” என்று அழையுங்கள். அவர் வெறுங்கையோடு வந்தாலும் முதல் பந்தியில் அமர்த்துங்கள். வளர்ந்தபின் நம் பிள்ளை ஒரு நாள் துன்பத்தில் நிற்கும்போது, ஓடிவந்து தோள் கொடுப்பவர் அவராகவும் இருக்கலாம். கார்மேல் அன்னை நம் இல்லங்களையும், அவற்றிற்கு வரும் எல்லா விருந்தினரையும் காப்பாளாக!