மூன்றாவது விடியல் வேண்டும்

வால்மீன் என்றாலே எல்லோரும் வாலைப் பற்றித்தான் கேட்கிறார்கள். மாணவர்களே, வாலைவிட அது நின்ற இடத்தைக் குறித்து வைப்பதே பெரிய காரியம் என்பேன்.

பீலா வால்மீன் 1846-இல் இரண்டாகப் பிளந்தது. 1852-க்குப் பின் காணவில்லை. 1872 நவம்பர் 27 இரவு அதன் பாதையருகே பூமி சென்றபோது எரிமீன்கள் மழையாகப் பொழிந்தன. வால்மீனே பூமியை உரசிச் சென்றிருக்கும் என்று எண்ணினார் ஜெர்மனியின் கிளிங்கர்ஃபூஸ். தென்வானத்தில் தேடும்படி சென்னை வானாய்வுக் கூடத்திலிருந்த போக்சனுக்குத் தந்தி கொடுத்தார். மேக இடைவெளியில் போக்சன் தேடினார். ஒரு வால்மீன் அகப்பட்டது! அடுத்தடுத்து இரண்டு விடியற்காலைகள் பார்த்தார். பிறகு வானம் மூடிக்கொண்டது.

பாதையைக் கணிக்க ஆறு எண்கள் வேண்டும். வானில் ஓரிடத்தைக் குறித்தால் கிடைப்பவை இரண்டு. ஆகவே குறைந்தது மூன்று நாள் பார்த்தாக வேண்டும். போக்சன் கண்டதன் பாதை இன்றுவரை தெரியாது. அது பீலாதான் என்றும் சொல்வதற்கில்லை. இத்தனைக்கும், விண்மீன் ஒளியை அளக்கும் இன்றைய அளவுகோலை (ஐந்து படிக்கு நூறு மடங்கு) 1856-இல் வகுத்தவர் அவரே!

எங்கள் தொண்டாமுத்தூருக்கு மேற்கே மலை. கிழக்கே கோவையின் வெளிச்சம். இருக்கட்டும், ஒரு பைனாகுலர் போதும். வால்மீன் பஞ்சுப்பொதி போலத் தெரியும், விண்மீனோ புள்ளி. எனவே பைனாகுலரைச் சற்றே கலங்கலாகத் திருகி, அருகிலுள்ள இரண்டு விண்மீன்களோடு ஒளியை ஒப்பிடுங்கள். இடத்தை வரைந்து, தேதியும் மணியும் எழுதுங்கள். மறுநாளும், அதற்கடுத்த நாளும்.