வறுமையை அளக்கும் சட்டமும் பெரியநீலாவணைக் கரையும்

அரசியலமைப்புத் திருத்தம் ஒன்று வருமாயின் பாராளுமன்றத்திலும் பத்திரிகைகளிலும் அது பற்றி நீண்ட விவாதங்கள் நடைபெறுகின்றன. ஆனால் ஓர் ஏழைக் குடும்பத்தின் அடுப்பு எரியுமா என்பதைத் தீர்மானிக்கும் சட்டங்கள் பெரும்பாலும் எவருடைய கவனத்தையும் ஈர்க்காமலே நிறைவேறிவிடுகின்றன. 2002 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க நலன்புரி நன்மைகள் சட்டம் அத்தகைய ஒன்றாகும். இருபது ஆண்டுகள் பெரும்பாலும் ஏட்டளவில் கிடந்த இச்சட்டம், 2022 ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சிக்குப் பின்னர் உயிர்பெற்று, 2023 ஜூலையில் ‘அஸ்வெசும’ என்ற பெயரில் மக்களின் வாசலுக்கு வந்தது.

இதன் நோக்கத்தைக் குறை கூறுவதற்கில்லை. 1989 இன் ஜனசவிய, 1995 இன் சமுர்த்தி ஆகிய திட்டங்களில் யாருக்கு உதவி கிடைக்கும் என்பது பல இடங்களில் அரசியல்வாதியின் தயவிலேயே தங்கியிருந்தது. தகுதியுள்ளோர் வெளியே நிற்க, கட்சிக்காரர்கள் பட்டியலில் இடம்பிடித்ததை நாம் அறிவோம். அதற்கு மாற்றாக, 2022 ஒக்டோபரில் வெளியான வர்த்தமானி அறிவித்தல், கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்துக்கள், வீட்டு நிலைமை, குடும்ப அமைப்பு ஆகிய ஆறு துறைகளில் 22 குறிகாட்டிகளை வகுத்தது. அவற்றின் புள்ளிகளைக் கொண்டே குடும்பங்கள் நான்கு பிரிவுகளாக்கப்பட்டன. 20 இலட்சம் குடும்பங்களை இலக்காகக் கொண்ட இத்திட்டத்தில், வறியோருக்கு மாதாந்தம் 8,500 ரூபாவும் மிக வறியோருக்கு 15,000 ரூபாவும் ஆரம்பத்தில் நிர்ணயிக்கப்பட்டன. 2025 ஜனவரி முதல் இவை முறையே 10,000 ரூபாவாகவும் 17,500 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டன.

தயவின் இடத்தில் அளவுகோல் வந்தது நல்லதே. ஆயினும் அந்த அளவுகோல் நமது கரையோரத்து வறுமையைச் சரியாக அளக்கின்றதா என்பதே கேள்வி.

கல்முனை மாநகர எல்லையின் வடக்கு முனையில், மட்டக்களப்பு மாவட்டத்தைத் தொட்டுக்கொண்டு அமைந்துள்ளது பெரியநீலாவணை. தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழும் ஊர். தெற்கே, கைத்தறிக்குப் பெயர்பெற்ற மருதமுனை. இப்பகுதியின் மீனவருக்கும் நெசவாளருக்கும் கூலித் தொழிலாளருக்கும் மாதச் சம்பளம் என்ற ஒன்று கிடையாது. வடகீழ்ப் பருவக்காற்று வீசும் மாதங்களில் கடல் கொந்தளிக்கும். வள்ளங்கள் கரையில் கிடக்கும். கரைவலை இழுப்போருக்கும் வேலை இராது. கைத்தறிக்கான நூலும் சாயமும் இறக்குமதியை நம்பியவை. 2022 இல் ரூபாவின் பெறுமதி சரிந்தபோது அவற்றின் விலை எங்கு சென்றது என்பதை நெசவாளர்கள் மறக்கமாட்டார்கள்.

இத்தகைய குடும்பத்தின் வீட்டுக்கு, கணக்கெடுக்கும் உத்தியோகத்தர் ஒருவர் வருகிறார் என வைத்துக்கொள்வோம். வீடு கல்வீடு. அது 2004 டிசெம்பர் 26 ஆம் திகதிய ஆழிப்பேரலை அனைத்தையும் அள்ளிச்சென்ற பின்னர் உதவி நிறுவனமொன்று கட்டிக்கொடுத்ததாக இருக்கலாம். வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள். அது மீன்பெட்டியை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகச் செல்வதற்காகக் கடனில் வாங்கியதாக இருக்கலாம். கரையில் ஒரு வள்ளமும் இயந்திரமும். அவற்றின் மீது முதலாளியிடம் பெற்ற முற்பணம் நிலுவையில் இருக்கலாம். படிவம் வீட்டையும் வாகனத்தையும் இயந்திரத்தையும் காண்கிறது. வருமானமற்ற மூன்று மாதங்களும் தீராத கடனும் அதன் கண்ணில் படுவதில்லை.

உடைமை இருப்பதால் ஒருவர் ஏழையல்லர் என்று கொள்வது சரியாகாது. அல்குர்ஆனின் கஹ்ஃபு அத்தியாயத்தில் வரும் மூஸா நபியின் வரலாற்றில், கடலில் தொழில் செய்யும் மரக்கலச் சொந்தக்காரர்கள் ‘மிஸ்கீன்கள்’ என்றே குறிப்பிடப்படுகின்றனர். ஸகாத்தைக் கணக்கிடும்போது குடியிருக்கும் வீட்டையும் தொழிற்கருவிகளையும் இஸ்லாமிய சட்டம் விலக்கியே வைக்கின்றது. தொழிற்கருவி செல்வமன்று; அது பிழைப்புக்கான வழி என்ற இந்த விளக்கம், எச்சமயத்தைச் சார்ந்த உழைப்பாளிக்கும் பொருந்தக்கூடிய பொதுநீதியாகும்.

வேறு சட்டங்களேனும் இவர்களைக் காக்கின்றனவா? 2016 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கத் தேசிய குறைந்தபட்ச வேதனச் சட்டத்தின் கீழ், ஆரம்பத்தில் 10,000 ரூபாவாக இருந்த மாத வேதனம் 2025 ஏப்ரல் முதல் 27,000 ரூபாவாகவும் 2026 ஜனவரி முதல் 30,000 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டுள்ளது. வரவேற்கத்தக்க மாற்றம். ஆனால் அச்சட்டம் தொழில்தருநரையும் அவரிடம் வேலை செய்பவரையும் பற்றியே பேசுகின்றது. பிடிபட்ட மீனில் பங்கு பெறுபவரும், சொந்தத் தறியில் நெய்து விற்பவரும் எந்தத் தொழில்தருநரிடம் சென்று வேதனம் கேட்பது? எனவே அவர்களுக்கு எஞ்சியிருப்பது நலன்புரிச் சட்டம் மட்டுமே. அதுவும் கைவிட்டால் வேறு புகலிடமில்லை.

பட்டியலில் விடுபட்டவர் மேன்முறையீடு செய்யலாம் என்பது உண்மையே. 2023 இல் பெயர்ப்பட்டியல் வெளியானதும் நாடெங்கிலுமிருந்து பத்து இலட்சத்தை அண்மித்த மேன்முறையீடுகள் குவிந்தன. தெரிவுமுறையில் எத்துணை குறைபாடு இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. எனினும் அவற்றுக்கு அளிக்கப்பட்டது சில வாரகால அவகாசமே. இணையத்தில் பெயரைத் தேடவும் படிவத்தை நிரப்பவும் தெரியாத முதியவரும் விதவையும் அந்த அவகாசத்துக்குள் என்ன செய்திருக்க முடியும்?

இங்குதான் மக்கள் பிரதிநிதிகளின் பொறுப்பு எழுகின்றது. 2025 மே 6 ஆம் திகதி நாடெங்கும் உள்ளூராட்சித் தேர்தல் நடைபெற்றபோது, நீதிமன்ற வழக்கின் காரணமாகக் கல்முனை மாநகர சபைக்கு மட்டும் தேர்தல் நடைபெறவில்லை. நமது வட்டார உறுப்பினர் என்று சொல்லி முறையிட ஒருவரைத் தெரிவு செய்யும் வாய்ப்பும் இம்மக்களுக்கு அன்று இல்லாமற் போயிற்று. பிரதேச செயலகப் பிணக்கோ பல பத்தாண்டுகளாகத் தீராதிருக்கின்றது. அதில் இரு சமூகங்களுக்கும் உள்ள நியாயங்களை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் செயலகம் எவருடையது என்ற வாதத்தில் செலவிட்ட உழைப்பில் ஒரு பகுதியையேனும், அச்செயலகத்தின் சுவரில் ஒட்டப்பட்ட பட்டியலில் எவருடைய பெயர் இல்லை என்று பார்ப்பதில் நமது தலைவர்கள் செலவிட்டார்களா?

இது புதிய அலட்சியமுமன்று. வறுமை நிவாரணத்தை மத்திய அரசின் கைக்குள் மேலும் கொண்டுசென்ற திவிநெகும சட்டமூலம் 2012 இல் மாகாண சபைகளின் அங்கீகாரத்துக்கு வந்தபோது, கிழக்கு மாகாண சபையும் அதற்கு இணங்கியது. 37 உறுப்பினர்களில் 14 பேரை மட்டுமே பெற்றிருந்த ஆளும் கூட்டணி அச்சபையில் ஆட்சியமைக்க, முஸ்லிம் காங்கிரஸின் 7 உறுப்பினர்களே துணைநின்றனர். 2013 இல் அது சட்டமாயிற்று. ஏழையின் தேவையை உள்ளூரில் எடைபோடும் வாய்ப்பு அன்றே சுருங்கத் தொடங்கியது.

எல்லோருக்கும் வழங்கினால் செலவு தாங்காது என்பர். இந்திய மத்திய அரசு 1997 இல் பங்கீட்டு உணவை வறியோருக்கென வரையறுத்தபோதும், தமிழ்நாடு அனைவருக்குமான பொது விநியோகத்தைக் கைவிடவில்லை. தெரிவில் தவறு நேர்ந்து ஏழை விடுபடும் அபாயம் அங்கு குறைவு. நமது திறைசேரிக்கு அத்தகைய வலிமை இன்று இல்லையெனினும், உலக வங்கியின் கணிப்பில் 2024 இல் சனத்தொகையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் வறுமையில் இருந்த நாட்டில், தெரிவுமுறையைத் திருத்துவதற்கேனும் மனம் வேண்டும்.

அதற்குப் புதிய சட்டமும் தேவையில்லை. குறிகாட்டிகள் வர்த்தமானி மூலம் வகுக்கப்பட்டவை. வர்த்தமானி மூலமே திருத்தப்படக் கூடியவை. பருவகால வருமான இழப்பும் கடன்சுமையும் கணக்கில் எடுக்கப்பட வேண்டும். அனர்த்த நிவாரணமாகக் கிடைத்த வீடும், பிழைப்புக்கான வள்ளமும் தறியும் செல்வமாக எண்ணப்படலாகாது. நிராகரிக்கப்படும் ஒவ்வொருவருக்கும் அதன் காரணம் அவரது மொழியில் எழுத்தில் தரப்பட வேண்டும். வறியோருக்கும் மிக வறியோருக்கும் முதலில் வகுக்கப்பட்ட மூன்றாண்டுக் காலம் 2026 ஜூனுடன் முடிவதாக அமைந்தது. அடுத்த தெரிவுக்கும் பழைய அளவுகோலே பயன்படுமாயின், பழைய அநீதியே தொடரும்.

அம்பாறை மாவட்டத்தின் தமிழ், முஸ்லிம் பாராளுமன்ற உறுப்பினர்கள் இக்கோரிக்கைகளை ஒன்றாகவே முன்வைக்கலாம். பள்ளிவாசல் நிருவாகமும் ஆலய பரிபாலன சபையும், வாரத்தில் ஒரு நாளேனும், படித்த இளைஞர் சிலரை அமர்த்தி விண்ணப்பங்களையும் மேன்முறையீடுகளையும் எழுதிக்கொடுக்கலாம். அம்மேசைக்கு வரும் மீனவரும் நெசவாளரும் எச்சமூகத்தவர் என்று அங்கு எவரும் கேட்கத் தேவையில்லை.