எவருடைய ஆயுள்?

வடை சுட்ட எண்ணெயையே மறுநாளும் அதற்கு மறுநாளும் வாணலியில் காய்ச்சுகிற கடைக்காரரைக் கண்டால் முகம் சுளித்துக்கொண்டு அப்பால் நகர்ந்துவிடுகிற நாம், அந்தக் கடை வாசலில் நிறுத்தியிருக்கும் நம்முடைய காரின் கியர் பெட்டிக்குள்ளே பத்து வருஷமாக ஒரே எண்ணெய் காய்ந்துகொண்டும் ஆறிக்கொண்டும் கிடப்பதைப் பற்றி ஒரு கணமேனும் சிந்திப்பதில்லை. வடை எண்ணெய்க்காவது, அது கெட்டுப்போனதன் அடையாளமான போலார் சேர்மங்கள் 25 சதவிகிதத்தைத் தாண்டிவிட்டால் உபயோகிக்கலாகாது என்று 2018 ஜூலை முதல் அமலில் இருக்கும் நியதி ஒன்று உண்டு. கியர் பெட்டியின் எண்ணெய்க்கு அப்படி நியதி எதுவும் கிடையாது. அதனிடத்தில் ஒரு சொல் உட்கார்ந்திருக்கிறது. 'லைஃப்டைம்' என்பதே அந்தச் சொல்.

சில வருஷங்களுக்கு முன், நகரத்து நெரிசலில் கிளட்சை மிதித்து மிதித்து இடது முழங்கால் சலித்துப்போன காரணத்தால், 70,000 கிலோமீட்டர் ஓடியிருந்த ஆட்டோமேட்டிக் வண்டி ஒன்றைப் பழையதாக வாங்கினேன். முதல் சர்வீசுக்கு விட்ட இடத்தில் கியர் ஆயிலைப் பற்றி விசாரித்தபோது, அங்கிருந்த இளைஞர், மூலவர் விக்கிரகத்தைத் தொடப்போனவனைத் தடுக்கும் குருக்களின் பாவனையில், "அது லைஃப்டைம் ஆயில் சார், தொடவே கூடாது" என்றார். திருப்தியோடு திரும்பிவந்த என்னை, எங்கள் தெருமுனையில் வெகுகாலமாக ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் பெரியவர் ஒரே கேள்வியில் கலங்க வைத்துவிட்டார்: "யாரோட லைஃப் சார்? உங்களோடதா, வண்டியோடதா, ஆயிலோடதா?" கேட்டதோடு நில்லாமல், இன்ஜினை ஓடவிட்டு, டிப் ஸ்டிக்கை உருவி, பனியன் வேஸ்டில் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து, ரசத்தின் பக்குவத்தை முகர்ந்தே அறிகிற சமையற்காரரைப் போல மூக்கருகே கொண்டுபோனார். "காந்தல் அடிக்குது, பாருங்க." மாதுளம்பழச் சாறு போலச் சிவந்திருக்க வேண்டிய திரவம் சுக்குக் கஷாயத்தின் நிறத்தில் இருந்தது.

இந்தத் திரவத்தை வெறும் மசகு எண்ணெய் என்று எண்ணுவதிலிருந்துதான் நமது அசிரத்தை தொடங்குகிறது. பல்லோடு பல் கோக்காமல், சுழலும் திரவத்தைக் கொண்டே ஒரு தண்டின் சக்தியை மற்றொரு தண்டுக்கு மாற்றலாம் என்ற யுக்திக்கு, கப்பல் கட்டும் தொழிலில் இருந்த ஹெர்மன் ஃபோட்டிங்கர் என்ற ஜெர்மானிய எஞ்சினியர் 1905-ஆம் வருஷத்தில் காப்புரிமை பெற்றார். கப்பலுக்காகப் பிறந்த அந்த யுக்தி, தானாகவே கியர் மாற்றிக்கொள்ளும் ஹைட்ராமாட்டிக் பெட்டியின் ஓர் அங்கமாக, 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் மூலம் பொதுஜனங்களை வந்தடைந்தது. இவ்வகைப் பெட்டியில் இன்ஜினின் பலத்தைச் சக்கரத்தின் பக்கம் தள்ளுவதும், கறையான் புற்றின் வளைகளைப் போன்ற நுண்ணிய வழிகளில் அழுத்தத்தோடு பாய்ந்து கிளட்ச் தகடுகளை இறுக்கிப் பிடிப்பதும், பற்களைத் தேயாமல் காப்பதும், உஷ்ணத்தைச் சுமந்துகொண்டுபோய் கூலரில் இறக்கிவிட்டு வருவதும் ஆகிய அத்தனை காரியங்களையும் ஒரே திரவம் செய்ய வேண்டியிருக்கிறது. பற்களின் இடையே வழுக்க வேண்டிய அதே எண்ணெய், கிளட்ச் தகடுகளின் இடையே வழுக்காமல் பிடிக்க வேண்டும் என்பது அதன் தலையில் விழுந்த தர்மசங்கடம். இந்தச் சமரசத்தை உண்டாக்குவதற்காக ஒரு காலத்தில் திமிங்கில எண்ணெயையே அதில் கலந்தார்கள். 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்கா அதைத் தடை செய்த பிறகு, ரசாயனச் சேர்மானங்களைத் தேடிப்பிடிக்க வேண்டி வந்தது. திமிங்கிலத்தினுடையதானாலும் ரசாயன சாலையினுடையதானாலும் இந்தச் சேர்மானங்கள் உஷ்ணத்தால் நாளுக்கு நாள் க்ஷீணிக்கின்றன. சித்திரை வெயிலில், மேம்பாலத்தின் ஏற்றத்தில், அடிக்கு ஓரடியாக ஊர்ந்து செல்லும் வண்டியில் அவை இன்னும் சீக்கிரமாகவே சாகின்றன.

அப்படியிருக்க, 'ஆயுள் முழுவதும்' என்ற வாக்கு எங்கிருந்து வந்தது? ஆட்டோமேட்டிக் கியர் பெட்டிகளைத் தயாரிப்பதில் உலகப் பிரசித்தி பெற்ற ஜெர்மனியின் இசட்.எஃப். நிறுவனம், தன் பெட்டிகளின் எண்ணெயை 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது 8 வருஷத்துக்குள், மாற்றிவிடும்படி சிபாரிசு செய்கிறது. அதே பெட்டியை வாங்கிப் பொருத்துகிற கார்க் கம்பெனிகள் சிலவோ, எண்ணெய் மாற்றமே அவசியமில்லை என்று எழுதிவந்திருக்கின்றன. பெட்டியைப் பெற்றவர் ஒன்று சொல்ல, அதை விற்பவர் வேறொன்று சொல்வதன் ரகசியம் பெரிதல்ல. பராமரிப்புச் செலவு குறைவு என்று காட்டினால் வண்டி விலைபோகும். வாரண்டி முடிகிற வரையில் எண்ணெயும் எப்படியோ தாங்கிவிடும். அதற்குப் பிறகு பெட்டி பழுதானால் அந்தப் பெரிய ரசீது இரண்டாவது உரிமையாளரின் தலையிலோ மூன்றாவது உரிமையாளரின் தலையிலோ போய் விழுகிறது. ஆக, அந்த ஆயுள் எண்ணெயினுடையதும் அல்ல, வண்டியினுடையதும் அல்ல. முதல் விற்பனையின் ஆயுள்.

பெரியவரின் மேற்பார்வையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், எங்கள் வீட்டு முன்வாசலிலேயே அந்தக் காரியத்தில் இறங்கினேன். வண்டியைப் பத்து நிமிஷம் ஓட்டி எண்ணெயை இளஞ்சூடாக்கிய பின், சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை கொடுத்து, ஜாக்கியில் தூக்கி, நான்கு ஸ்டாண்டுகளின் மேல் இறக்கினோம். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையைக் கொடுப்பவன் எண்ணெயின் ஆயுளைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. டிரெய்ன் போல்ட்டைக் கழற்றி வடியவிட்டு, பெட்டியின் அடித்தட்டான பேனைச் சுற்றியுள்ள போல்ட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தளர்த்தி இறக்கியபோது, பேனின் மூலைகளில் இருந்த காந்தங்களின் மேல், குழைத்த விபூதியைப் போல ஒரு சாம்பல் நிறப் பூச்சு படிந்திருந்தது. விரலில் தேய்த்தால் நெருடாத அந்தப் பொடி வழக்கமான தேய்மானம்தான். அதில் ஊசிமுனை போன்ற சில்லுகள் தட்டுப்பட்டிருந்தால் பெட்டியையே பிரிக்க வேண்டி வந்திருக்கும் என்றார் பெரியவர். ஃபில்டரை இழுத்த கணத்தில் அதற்குள் தேங்கியிருந்த எண்ணெய் என் சட்டையின் மேல் அபிஷேகமாயிற்று. புது ஃபில்டரும் புது கேஸ்கெட்டும் வைத்து, பேனை எதிரெதிர் மூலைகளாக, புத்தகத்தில் சொன்ன சொற்ப இறுக்கத்துக்குமேல் ஒரு இழை கூடாமல் பூட்டினோம். பலத்தைக் காட்டினால் பேனின் விளிம்பு வளைந்து ஒழுகும். வடிந்த எண்ணெயை அளந்து பார்த்ததில் 3 லிட்டருக்குச் சற்று மேல் இருந்தது. அதே அளவு புது எண்ணெயை டிப் ஸ்டிக் குழாயில் புனல் வைத்து ஊற்றி, கியர் கம்பியை ஒவ்வொரு இடத்திலும் சற்று நிறுத்தி, சூடேறிய பின் மட்டத்தைச் சரிபார்த்தோம்.

வடிந்தது முழு அளவில் பாதிகூட இல்லையே என்று கேட்கலாம். உண்மைதான், மீதி, திரவத்தின் சுழற்சியால் சக்தியை மாற்றுகிற டார்க் கன்வர்ட்டரிலும் கூலரிலும் தங்கிவிடுகிறது. ஒருமுறைக்குப் பத்தில் நான்கு பங்கு மாறுவதாக வைத்துக்கொண்டால், சில நூறு கிலோமீட்டர் இடைவெளியில் மூன்று முறை வடித்து ஊற்றினால் எண்ணெயில் 78 சதவிகிதம் புதியதாகிவிடும். மிஷின் வைத்து அழுத்தத்தோடு கழுவுவதைவிட இந்த நிதானமான வழியே உத்தமம் என்பது பெரியவரின் அபிப்பிராயம், என்னுடையதும் அதுவே. பழைய எண்ணெயை மாற்றினால் கியர் பெட்டியே போய்விடும் என்று ஊரில் ஒரு பயம் உலவுகிறது. கிளட்ச் தகடுகள் ஏற்கெனவே தேய்ந்து, வழுக்கத் தொடங்கிய பிறகு, கடைசி நம்பிக்கையாக எண்ணெய் மாற்றுகிறவர்களின் அனுபவத்திலிருந்து பிறந்த பயம் அது. பழி எண்ணெய் மாற்றியதன் மேல் விழுகிறதே தவிர, மாற்றாமல் கழித்த வருஷங்களின் மேல் விழுவதில்லை.

எல்லோரும் எல்லா வண்டிக்கும் இதை வீட்டிலேயே செய்ய வேண்டும் என்பது என் வாதமல்ல. நம் ஊரில் 'ஆட்டோமேட்டிக்' என்ற ஒரே பெயரின் கீழ் வெவ்வேறு ஜாதி யந்திரங்கள் உலவுகின்றன. 2014-இல் மாருதி செலேரியோவின் மூலம் ஜனரஞ்சகமான ஏ.எம்.டி. என்பது, கிளட்சையும் கியரையும் நமக்குப் பதிலாக ஒரு யந்திரக் கை இயக்குகிற சாதாரண கியர் பெட்டிதான், சி.வி.டி. வேறு, இரட்டைக் கிளட்ச் வேறு. சி.வி.டி.க்கு உரிய திரவம் இருக்க வேண்டிய இடத்தில் சாதாரண ஆட்டோமேட்டிக் எண்ணெயை ஊற்றினால் பெட்டி பாழாகும். டிப் ஸ்டிக்கே இல்லாத புது வண்டிகளில், குறிப்பிட்ட உஷ்ணநிலையில் வழிந்து நிற்கும் மட்டத்தைக் கொண்டே அளக்க வேண்டும். அவற்றில் நிரப்பும் போல்ட் கழல்கிறதா என்று பார்த்த பிறகே வடிக்கும் போல்ட்டில் கை வைப்பது விவேகம். தன் வண்டியில் இருப்பது எது, அதற்குரிய எண்ணெய் எது என்று அறிந்த பிறகு ஒர்க்‌ஷாப்பில் கொடுத்தே மாற்றுகிறவரிடம் எனக்கு ஆட்சேபம் இல்லை; 'தொடவே கூடாது' என்பதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு வருவதில்தான் ஆட்சேபம்.

வடித்த எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றுவதும், கறையானுக்கு மருந்தென்று கட்டையில் பூசுவதும் நம்மிடையே சகஜம். 2016-ஆம் வருஷ விதிகளின்படி அது அபாயகரமான கழிவு. அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளரிடம் போய்ச் சேர வேண்டியது. புது எண்ணெய் வந்த டப்பாக்களிலேயே அதை நிரப்பி, பெரியவரின் கழிவுப் பீப்பாய்க்கு அனுப்பிவைத்தேன்.

சோப்புத்தூள் போட்டுக் கை கழுவிய பிறகு, ஒரு காகிதத்தில் அன்றைய தேதியையும் கிலோமீட்டரையும் எழுதி பானெட்டின் உட்புறத்தில் ஒட்டினேன். முன்பு வைத்திருந்தவர் அப்படி ஒன்றை ஒட்டியிருந்தால், நான் காந்தல் வாடையை முகர்ந்து உண்மையை அறிய வேண்டி வந்திராது. இத்தனை வருஷம், இத்தனை கிலோமீட்டர் என்ற இரண்டு எண்களை ஒவ்வொரு கம்பெனியும் தன் கையேட்டில் அச்சிட வேண்டும் என்று அரசு கட்டாயமாக்குவதுதான் நியாயம். அது நடக்கிற வரையில், நமக்கு அடுத்து அந்த வண்டியை ஓட்டப்போகிற முகமறியாத மனிதருக்காகவாவது, அந்த எண்களை நாமே எழுதி ஒட்டிவைப்போம்.