"விபத்து மரணம்" என்று எழுதி மூடிய கோப்புகள்

குடும்ப வரலாறு தேடுவது வெள்ளைக்காரர்களின் பொழுதுபோக்கு என்று நம்மில் பலருக்கு ஒரு நினைப்பு. ஓய்வு பெற்ற தாத்தாக்கள் வம்சாவளிப் படம் வரைவார்கள், அதில் எங்காவது ஒரு பிரபு அகப்பட்டால் சந்தோஷப்படுவார்கள். ஆனால் வேல்ஸில் இந்தத் தேடல் அடிக்கடி ஒரு நிலக்கரிச் சுரங்கத்திலோ, சிலேட் குவாரியிலோ செத்துப்போன கூலிக்காரரிடம் போய் நிற்கிறது. அவர் எப்படிச் செத்தார் என்று கேட்கும்போதுதான் விவகாரம் ஆரம்பம்.

முதல் படி சுலபம். 1837 ஜூலை முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இறப்புகளை அரசாங்கம் பதிவு செய்கிறது. சான்றிதழில் தகவல் கொடுத்தவர் என்ற இடத்தில் மனைவி, மகன் பெயருக்குப் பதிலாகக் கரோனர், அதாவது மரண விசாரணை அதிகாரி பெயர் இருந்தால் விசாரணை நடந்திருக்கிறது என்று அர்த்தம். பல சான்றிதழ்களில் விசாரணைத் தேதியும் இருக்கும்.

சரி, அந்தக் கோப்பை எடுத்துப் படித்துவிடலாம் என்று கிளம்பினால் எதிரே ஒரு சுவர். 75 ஆண்டுகளுக்கு உட்பட்ட கோப்புகளைப் பொதுவாகக் கரோனர் அனுமதியில்லாமல் பார்க்க முடியாது. இது நியாயம்தான், உயிரோடு இருக்கும் உறவினர்களின் மனசு என்று ஒன்று உண்டே. பழைய கோப்புகளின் கதை வேறு. நெடுங்காலம் கரோனர்கள் அவற்றைச் சொந்தக் காகிதம் போலத் தங்கள் அலுவலகத்திலேயே வைத்துக்கொண்டார்கள். ஆள் போனால் கோப்பும் போச்சு! 15 ஆண்டுகள் வைத்திருந்தால் போதும் என்பதுதான் இன்றைய விதியும்.

இதில் ஒரு வேடிக்கை. 1542 முதல் 1830 வரை வேல்ஸுக்கென்று தனி உயர் நீதிமன்ற முறை இருந்தது. அதன் கட்டுகளோடு கரோனர் விசாரணைத் தாள்களும் சேர்ந்து, இன்று அபெரிஸ்ட்வித் ஊரிலுள்ள வேல்ஸ் தேசிய நூலகத்தில் இருக்கின்றன. 1733 வரையிலானவை லத்தீனில் இருக்கும் என்பதுதான் தலைவலி. ஆக, 1780ல் ஆற்றில் விழுந்தவரின் விசாரணைத் தாள் கிடைக்கலாம், 1880ல் சுரங்கத்தில் நசுங்கியவரின் தாள் கிடைக்காமல் போகலாம். நிலக்கரியால் ஒரு நாடே கொழித்த காலத்தின் சாவுகள்தான் குப்பைக்குப் போயிருக்கின்றன.

"பத்திரிகையில் பார்த்துக்கொள்ளலாமே" என்பார்கள். பார்க்கலாம். அதே நூலகம் 1919 வரையிலான பழைய பத்திரிகைகளை, 11 லட்சம் பக்கங்களுக்கு மேல், இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. ஆனால் ஜோன்ஸ், டேவிஸ், எவன்ஸ் என்று நாலைந்து பெயர்களுக்குள் ஊரே அடங்கிவிடும் நாட்டில் வெறும் பெயரைத் தட்டித் தேடிப் பயனில்லை. ஊர், சுரங்கத்தின் பெயர், தேதி மூன்றும் கையில் இருந்தால்தான் ஆள் அகப்படுவார். சுரங்க ஆய்வாளர்களின் ஆண்டறிக்கைகளையும் கூடவே புரட்ட வேண்டும்.

என்னைப் பொறுத்தவரை பத்திரிகைச் செய்தி கோப்புக்கு ஈடாகாது. பெரிய வெடிவிபத்து என்றால் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். ஆனால் சுரங்கக்காரர்களில் மிகுதியானோர் செத்தது கூரை சரிந்தும், வண்டி மோதியும், ஒருவர் இருவராகத்தான். அவர்களுக்கு நாலு வரி கிடைத்தால் அதிகம். கூட வேலை பார்த்தவன் வெல்ஷ் மொழியில் சாட்சி சொல்ல, குமாஸ்தா ஆங்கிலத்தில் எழுதிக்கொள்ள, அதை நிருபர் சுருக்க... மூன்று சல்லடை தாண்டி வருவதில் என்ன மிஞ்சும்?

இன்னொன்று, அந்தத் தீர்ப்பு வார்த்தை. செங்ஹெனித் சுரங்கத்தில் 1913 அக்டோபர் 14 அன்று 439 தொழிலாளர்களும், மீட்கப்போன ஒருவரும் இறந்தார்கள். காற்றோட்டத்தைத் திருப்பிவிடும் ஏற்பாடு வேண்டும் என்று 1911லேயே சட்டம் வந்தாயிற்று, கெடுவும் தாண்டியாயிற்று, ஏற்பாடு மட்டும் இல்லை. விசாரணை ஜூரி சொன்னது "விபத்து மரணம்". பிறகு நடந்த வழக்கில் மேலாளருக்கு 24 பவுண்டு அபராதம், கம்பெனிக்கு 10 பவுண்டு. உயிருக்கு இவ்வளவு என்று நீங்களே வகுத்துப் பாருங்கள்.

1966ல் அபெர்வான் கிராமத்தில் நிலக்கரிக் கழிவு மலை சரிந்து 116 குழந்தைகள் உட்பட 144 பேர் இறந்தார்கள். விசாரணையில் மூச்சுத்திணறல் என்று காரணம் வாசிக்கப்பட்டபோது ஒரு தகப்பன் எழுந்து, நிலக்கரி வாரியம் உயிரோடு புதைத்தது என்று எழுதுங்கள் என்றார். மறு ஆண்டு வந்த அரசு விசாரணை அறிக்கையும் வாரியத்தின் மேல்தான் பழியைப் போட்டது.

சான்றிதழில் ஒரு வரிதான் இருக்கும். அந்த வரிக்குள் யாருடைய அலட்சியம் ஒளிந்திருக்கிறது என்பதைச் சாட்சிகளின் வாக்குமூலம்தான் காட்டும். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு கூலிக்காரரைப் பற்றி அவர் பக்கத்து வீட்டுக்காரரும் கூட்டாளியும் பேசியது தாளில் ஏறிய இடம் வேறு எங்கே இருக்கிறது?

வைக்க இடமில்லை, செலவு என்பார்கள். ஸ்கேன் செய்து வைக்க ஒரு அறைகூடத் தேவைப்படாத காலம் இது. 75 ஆண்டு பூட்டி வையுங்கள், வேண்டுமானால் 100 ஆண்டும் பூட்டுங்கள். பூட்டியதை என்றாவது திறக்கலாம். கிழித்துப்போட்டால் கம்பெனி சொன்னதுதான் கடைசி வார்த்தை.